குரல் முன்னே, இசை பின்னே

வீடியோவில் ஓசையைச் சரிசெய்வது எப்படி?

1. படம் பேச வேண்டும்

முன்பு வீடியோ எடுக்கப் பெரிய கேமரா வேண்டும். அதை இயக்க ஓர் ஆள் வேண்டும். இன்று கையில் இருக்கும் செல்போன் போதும். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் எந்த ஊருக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் வேஷம் கட்டி ஆடுகிறார்கள். சுற்றி நிற்பவர்கள் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கிறது. அதையும் பிடிக்கிறார்கள். மாம்பழக் காலத்தில் தோப்பையும் அறுவடையையும் பிடிக்கிறார்கள்.

படம் நன்றாக வருகிறது. ஆனால் ஓசை? பேசுவது கேட்பதில்லை. காற்று இரைகிறது. பின்னால் போட்ட பாட்டு, முன்னால் பேசுபவரின் குரலை விழுங்கிவிடுகிறது.

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் நாம் பொறுத்துக்கொள்வோம். பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவோம். ஆகவே வீடியோ செய்பவர் ஓசையைக் கவனிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அது கடினமான வேலை அல்ல. வாருங்கள், படிப்படியாகப் பார்ப்போம்.

2. ஒரு குழு, ஒரு வீடியோ

நகரிப் பக்கத்தில் ஒரு மகளிர் குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மழைக்காலம் வருகிறது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும் காலம். உப்பு சர்க்கரைக் கரைசலை எப்படிக் கலக்குவது என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். குழுவினர் ஒரு வீடியோ எடுக்கிறார்கள். அத்தை பேசுகிறார். மருமகள் படம் பிடித்து, பாட்டும் சேர்க்கிறாள். பிறகு இருவரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

அத்தை: ஏம்மா, பாட்டு நல்லா இருக்கு. நடுவுல நான் என்ன பேசினேன்?

மருமகள்: தண்ணி அளவு சொன்னீங்க அத்தை.

அத்தை: எனக்கே கேக்கலையே! ஒரு லிட்டர்னு சொன்னேனா, ஒரு டம்ளர்னு சொன்னேனா? பாக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?

மருமகள்: லிட்டர்னுதான் சொன்னீங்க. நான்தான் பாட்டை முழுச் சத்தத்துல வெச்சிட்டேன்.

அத்தை: அதைவிடு. கடைசியில "தாய்ப்பாலை நிறுத்தணும்"னு வருதே! நான் அப்படிச் சொல்லவே இல்லையேம்மா.

மருமகள்: "நிறுத்தணும்னு இல்ல"ன்னு சொன்னீங்க. வீடியோ நீளமா இருக்கேன்னு ஓரத்தை வெட்டினேன். அந்த "இல்ல" போயிடுச்சு.

அத்தை: போனது ஒரு சொல்லுதான். ஆனா நம்ம பேச்சைக் கேட்டு ஒருத்தி பால் குடுக்கிறதை நிறுத்திட்டா?

அத்தை கேட்டது சரியான கேள்வி. பெரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் சுத்தமான குடிநீரில் முழுவதுமாகக் கொட்டிக் கரைக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் உப்பு அதிகமாகிவிடும். அது குழந்தைக்குக் கெடுதல். 200 மில்லி தண்ணீருக்கான சிறு பொட்டலமும் கடையில் உண்டு. எந்தப் பொட்டலத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அதைப் படித்துவிட்டுக் கலக்க வேண்டும். கலக்கிய நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

இவ்வளவு முக்கியமான செய்தியைப் பாட்டு மறைத்தது. வெட்டு மாற்றியது.

3. வாக்கியத்தின் வாலைக் காப்பாற்றுங்கள்

நம் மொழியில் ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். "வேண்டும்", "வேண்டாம்", "கூடாது", "இல்லை" எல்லாம் கடைசியில்தான் வருகின்றன. தெலுங்கிலும் அப்படியே. "வத்து", "லேது" என்பவை கடைசியில்தான் வரும்.

ஆனால் பேசும்போது என்ன செய்கிறோம்? வாக்கியத்தை உரக்கத் தொடங்குகிறோம். முடிக்கும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. மூச்சும் குறைந்துவிடுகிறது. ஆகவே பின்னணி இசை முதலில் விழுங்குவது வாக்கியத்தின் வாலைத்தான். அவசரமாக வெட்டினால் முதலில் போவதும் அந்த வால்தான்.

இதிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன.

ஒன்று: பேசுபவர் கடைசிச் சொல்லையும் உரக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டு: வெட்டுபவர் கடைசிச் சொல் முடிந்த பிறகு, ஒரு மூச்சு விட்டு வெட்ட வேண்டும்.

மூன்று: முடிந்தால் வாக்கியத்தையே மாற்றிப் பேச வேண்டும். "தாய்ப்பாலை நிறுத்தணும்னு இல்ல" என்பதை விட "தாய்ப்பாலை விடாமக் குடுங்க" என்பது நல்லது. அதில் ஓர் அசை போனாலும் பொருள் தலைகீழாக மாறாது.

4. முதல் வேலை: நல்ல ஒலிப்பதிவு

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். குரல்தான் சுவர். இசை சித்திரம். குரல் சரியாகப் பதியாவிட்டால் பிறகு எந்தக் கருவியாலும் முழுவதும் சரிசெய்ய முடியாது.

பதியும்போது இவற்றைக் கவனியுங்கள்.

செல்போனின் மைக் பெரும்பாலும் அதன் அடி ஓரத்தில் ஒரு சிறு துளையாக இருக்கும். அதை விரலால் மூடாதீர்கள்.

பேசுபவருக்கு அருகில் போங்கள். பத்தடி தூரத்தில் நின்று எடுத்தால் குரலைவிடத் தெருச் சத்தம் அதிகமாகப் பதியும். இன்னொரு போன் இருந்தால் அதைப் பேசுபவரின் வாயிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் வைத்துக் குரலை மட்டும் தனியாகப் பதியலாம்.

மின்விசிறியை நிறுத்துங்கள். டி.வி.யை நிறுத்துங்கள். போனை விமானப் பயன்முறையில் வையுங்கள். நடுவில் அழைப்பு வராது.

சிமெண்டு அறையில் குரல் எதிரொலிக்கும். சுவரில் கம்பளியோ, பழைய சேலைகளோ தொங்க விடுங்கள். நெல் மூட்டை அடுக்கிய அறை இன்னும் நல்லது. மூட்டை எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும்.

வெளியில் காற்று வீசினால் காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். மைக்கின் மேல் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றுங்கள்.

பேச்சு முடிந்ததும் யாரும் பேசாமல் பத்து விநாடி பதியுங்கள். அந்த இடத்தின் அமைதிக்கும் ஓர் ஓசை உண்டு. தூரத்துக் காக்கை, வேப்பமரக் காற்று எல்லாம் அதில் இருக்கும். பிறகு ஒட்டுப் போட அது உதவும்.

பேசுபவரிடம் முன்பே அனுமதி கேளுங்கள். எதற்காக எடுக்கிறோம், யார் யார் பார்ப்பார்கள் என்று சொல்லுங்கள்.

5. இரண்டாம் வேலை: வெட்டுதல்

செல்போனில் வீடியோவை வெட்டி ஒட்ட, கைன்மாஸ்டர், இன்ஷாட் போன்ற செயலிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பட்டன்கள் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஆனால் படங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கத்தரிக்கோல் என்றால் வெட்டு. இசைக்குறி என்றால் பாட்டு சேர். ஒலிபெருக்கிப் படம் என்றால் சத்தத்தைக் கூட்டு, குறை. மைக் படம் என்றால் குரல் பதி. வளைந்த அம்பு என்றால் செய்ததை மாற்றி, பழையபடி ஆக்கு.

வேலையைத் தொடங்கும் முன் மூல வீடியோவை நகல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். வெட்டும் வேலையை நகலில் செய்யுங்கள்.

திரையின் அடியில் ஒரு நீண்ட பட்டை தெரியும். அது வீடியோவின் நேரக்கோடு. அதில் ஓசை அலை அலையாகத் தெரியும். உரத்த பேச்சு உயரமான அலை. மெதுவான பேச்சு குட்டை அலை. அலை படுத்துக் கிடக்கும் இடத்தில் பேச்சு இல்லை. அங்கேதான் வெட்ட வேண்டும். ஆனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். "இல்ல" போன்ற தாழ்ந்த சொல்லின் அலை மிகச் சிறியதாக இருக்கும். காதில் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

இருமல், "அது வந்து", "என்னன்னா" போன்றவற்றை எடுத்துவிடலாம். எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. மூச்சே விடாமல் மனிதர் பேசுவது போல ஆகிவிடும். வெட்டிய இடத்தில் ஓசை திடீரென்று அறுந்தால், முன்பு பதிந்த பத்து விநாடி அமைதியிலிருந்து கொஞ்சம் எடுத்து அடியில் ஒட்டுங்கள். வெட்டு தெரியாது.

ஒருவர் சொன்னதை வெட்டி, அவர் சொல்லாத பொருள் வரும்படி செய்யக் கூடாது. வேலை முடிந்ததும் பேசியவருக்கே முதலில் போட்டுக் காட்டுங்கள். அவர் "இது நான் சொன்னதுதான்" என்று சொன்ன பிறகு ஊருக்குக் காட்டுங்கள்.

6. மூன்றாம் வேலை: இசை சேர்த்தல்

எல்லா வீடியோவுக்கும் இசை வேண்டும் என்பது இல்லை. மாவரைக்கும் சத்தம், தறிச் சத்தம், பம்பை ஒலி இவையே சில இடங்களில் நல்ல இசை. இசை தேவை என்று தோன்றினால் இப்படிச் செய்யுங்கள்.

முதல் படி: குரல் வேலையை முழுவதும் முடியுங்கள். அதன் பிறகே இசைக்குறியைத் தொடுங்கள்.

இரண்டாம் படி: பாட்டைத் தேர்ந்தெடுங்கள். பேச்சுக்கு அடியில் சொற்கள் உள்ள பாட்டு வேண்டாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது போலாகிவிடும். குழல், வீணை, நாதஸ்வரம் என்று வாத்திய இசை போதும்.

மூன்றாம் படி: சத்தத்தைப் பிரியுங்கள். குரலை 100 இல் வையுங்கள். பேச்சுக்கு அடியில் இசையை 10 இல் தொடங்குங்கள். போதவில்லை என்றால் 15, 20 என்று ஏற்றுங்கள். யாரும் பேசாத இடத்தில் 50 அல்லது 60 வரை உயர்த்தலாம்.

நான்காம் படி: இசை சட்டென்று தொடங்கக் கூடாது. சட்டென்று நிற்கவும் கூடாது. ஓரிரு விநாடியில் மெல்ல ஏற வேண்டும், மெல்ல இறங்க வேண்டும். செயலியில் இதற்கென்று தனி வசதி இருக்கும். "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பார்கள் அல்லவா? அதுபோல அடுத்த காட்சியின் ஓசையை ஒரு விநாடி முன்பே கேட்க விடலாம். காட்சி மாறுவது இயல்பாக இருக்கும்.

ஐந்தாம் படி: "ஒரு லிட்டர்" போன்ற முக்கியமான சொல் வரும் இடத்தில் இசையை முழுவதும் நிறுத்திவிடுங்கள். திடீரென்று அமைதி வந்தால் காது தானாகக் கூர்மையாகும்.

7. உதடு முந்தி, ஓசை பிந்தி

ஏரியின் அக்கரையில் ஒருவர் துணி துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் விழுவது முதலில் தெரியும். சத்தம் பிறகு கேட்கும். ஒளி உடனே வந்துவிடுகிறது. ஓசை ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர்தான் வரும்.

கூத்து மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி நின்று படம் பிடித்தால், ஓசை விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வரும். அந்தச் சிறு பிசகும் கண்ணை உறுத்தும். தாளம் ஒரு பக்கம், அடவு ஒரு பக்கம் போவது போலத் தோன்றும்.

அருகில் போய் எடுப்பதுதான் சிறந்த வழி. அல்லது இன்னொரு போனை மேடைக்குப் பக்கத்தில் வைத்து ஓசையைத் தனியாகப் பதியுங்கள். தொடக்கத்தில் மேடைப் பக்கம் நின்று ஒருவர் ஒரு முறை கை தட்டட்டும். வெட்டும்போது கைகள் சேரும் படத்தையும் "டப்" என்ற ஓசையையும் ஒரே கோட்டில் பொருத்துங்கள். மற்றவை தானாகப் பொருந்திவிடும். சினிமாவில் கட்டை தட்டுவதும் இதற்காகத்தான்.

8. சினிமா வந்த வழி

குரலையும் படத்தையும் பிரிக்கலாம் என்பதைச் சினிமாக்காரர்கள் ஒரு நாளில் கண்டுபிடிக்கவில்லை.

1931 இல் "காளிதாஸ்" என்ற பேசும் படம் வந்தது. அதில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலித்தன. அந்தக் காலத்தில் நடிப்பவரே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாமல் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பார்கள். நடிப்பும் பாட்டும் ஒரே நேரத்தில் பதியும். ஓர் இடத்தில் பிசகினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும்.

அந்தக் காலத்துப் பாடகர் நடிகர்களில் ஒருவர் சித்தூர் நாகய்யா. நம் ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். 1946 இல் வந்த "தியாகய்யா" படத்தை அவரே இயக்கினார், நடித்தார், பாடினார், இசையும் அமைத்தார்.

1938 இல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் "நந்தகுமார்" படத்தில் வேறு வழி பிறந்தது. நடித்தவர் ஒருவர். பாட்டுக் குரல் லலிதா வெங்கட்ராமனுடையது. பிறகு 1944 இல் அவருடைய "ஹரிச்சந்திரா" வந்தது. கன்னடத்தில் எடுத்த படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார்கள்.

இது நமக்கு எதற்கு? நம் மாவட்டங்களில் ஒரே தெருவில் தமிழும் கேட்கும், தெலுங்கும் கேட்கும். வீடியோவில் படம் ஒரு வரிசை, குரல் ஒரு வரிசை, இசை ஒரு வரிசை என்று தனித்தனியாக வையுங்கள். பிறகு தமிழ்க் குரலை எடுத்துவிட்டுத் தெலுங்குக் குரலை வைக்கலாம். படத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. ஒரு வீடியோ இரண்டு வீட்டுக்கும் பயன்படும்.

9. பாட்டு யாருக்குச் சொந்தம்?

"சினிமாப் பாட்டை எடுத்துப் போட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். பாட்டும் ஒருவருடைய உழைப்பு. 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அந்த உழைப்புக்குக் காவல் நிற்கிறது. பாட்டெழுதியவர், மெட்டமைத்தவர் ஆகியோரின் உரிமை அவர்கள் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் இருக்கும். ஒலிப்பதிவுக்கு அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். அன்னமாச்சாரியார் 15 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவருடைய கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலில் இருந்தன. அந்தப் பாடல்கள் இன்று எல்லோருக்கும் பொது. நீங்களும் பாடலாம், பதியலாம். ஆனால் இன்றைய பாடகர் ஒருவர் பாடிய ஒலிப்பதிவு அப்படியல்ல. பாட்டு பழையது, பதிவு புதியது. அந்தப் பதிவைச் சேர்க்க உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

கல்யாண வீட்டில் பாட்டு ஒலிக்கச் செய்வதற்குச் சட்டம் இடம் தருகிறது. அதே பாட்டை வீடியோவில் ஒட்டி எல்லோரும் பார்க்க வெளியிடுவது வேறு விஷயம். யூடியூபில் போட்டால் அங்குள்ள கணினி பாட்டை அடையாளம் கண்டுவிடும். வீடியோவின் ஓசையை நிறுத்திவிடலாம். வீடியோவையே தடுத்துவிடலாம். அப்போது நம் செய்தி ஊருக்குப் போய்ச் சேராது.

இதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவசமாக எடுத்துக்கொள்ளும் இசை இருக்கிறது. சிலவற்றுக்கு இசையமைத்தவரின் பெயரைப் போட வேண்டும். அங்கே எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். இன்னொரு வழி இதைவிட நல்லது. உங்கள் ஊர்க் கும்மி, தாலாட்டு, நடவுப் பாட்டு இவற்றை நீங்களே பதியுங்கள். பாடியவரிடம் அனுமதி கேளுங்கள். அவர் பெயரை வீடியோவின் முடிவில் எழுதுங்கள்.

10. நம்மைப் போன்றவர்கள் செய்தார்கள்

1984 இல் குஜராத்தின் அகமதாபாத்தில் "சேவா" என்ற பெண் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு வீடியோப் பயிற்சி கொடுத்தது. காய்கறி விற்கும் பெண்களும் அதில் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். அவர்களே படம் பிடித்துத் தங்கள் வேலையையும் தங்கள் கஷ்டத்தையும் காட்டினார்கள்.

தெலங்கானாவின் ஜாகிராபாத் பக்கத்தில் பஸ்தாபூர் என்ற ஊர் உள்ளது. அந்தப் பகுதியில் கூலி வேலையும் சிறு விவசாயமும் செய்யும் தலித் பெண்கள், தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் மூலம் கேமராவும் எடிட்டிங்கும் கற்றார்கள். தங்கள் விதைகளைப் பற்றி, பயிர்களைப் பற்றிப் படம் எடுத்தார்கள். 2008 இல் "சங்கம் ரேடியோ" என்ற சமூக வானொலியும் தொடங்கினார்கள்.

அவர்கள் காலத்தில் கருவி பெரிது, விலையும் பெரிது. நம் கையில் இருப்பது சிறிய கருவி. நமக்கு எழுத்தும் தெரியும்.

11. ஊருக்குக் காட்டும் முன்

முடிந்த வீடியோவை மூன்று முறை கேளுங்கள்.

முதல் முறை இயர்போனில் கேளுங்கள். வெட்டுகள் தெரிகின்றனவா?

இரண்டாம் முறை போனின் ஒலிபெருக்கியில் கேளுங்கள். பெரும்பாலோர் அப்படித்தான் கேட்பார்கள்.

மூன்றாம் முறை இந்த விஷயம் தெரியாத ஒரு பாட்டியை உட்கார வைத்துப் போடுங்கள். முடிந்ததும் "பாட்டி, எவ்வளவு தண்ணி ஊத்தச் சொன்னாங்க?" என்று கேளுங்கள். அவர் "ஒரு லிட்டர்" என்று சொன்னால் உங்கள் வீடியோ தேறிவிட்டது. "பாட்டு நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னால் இசையை இன்னும் குறையுங்கள்.

பயிற்சி

1. "தாய்ப்பாலை நிறுத்தணும்னு இல்ல" என்ற வாக்கியத்தில் கடைசிச் சொல்லை மூடிவிட்டுப் படியுங்கள். பொருள் எப்படி மாறுகிறது?

2. பேச்சுக்கு அடியில் இசையை எந்த எண்ணில் தொடங்க வேண்டும்?

3. அன்னமாச்சாரியார் பாட்டு பொது. ஆனால் அதன் புதிய ஒலிப்பதிவு பொது அல்ல. ஏன்?

4. உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு மருந்துப் பொட்டலத்தில் எழுதியிருப்பதை உரக்கப் படித்துப் போனில் பதியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லும் தெளிவாகக் கேட்கிறதா?

5. குழுவில் பேசுங்கள்: உங்கள் ஊருக்கு இப்போது எந்தச் செய்தியை வீடியோவாகச் சொல்ல வேண்டும்? அதை யார் குரலில் சொன்னால் ஊர் கேட்கும்?

சொற்களும் பொருளும்

ஒலிப்பதிவு - ஓசையைக் கருவியில் பிடித்து வைப்பது
நேரக்கோடு - வீடியோவின் தொடக்கம் முதல் முடிவு வரை காட்டும் பட்டை
பின்னணி இசை - பேச்சுக்கோ காட்சிக்கோ பின்னால் ஒலிக்கும் இசை
எதிரொலி - சுவரில் பட்டுத் திரும்பி வரும் ஓசை
பதிப்புரிமை - ஒரு படைப்பின் மீது அதைச் செய்தவருக்கு உள்ள உரிமை
செயலி - செல்போனில் ஒரு வேலையைச் செய்து தரும் ஏற்பாடு